ஸ்கேனில் தென்படாமற் போனாலும்: பிறவி நுரையீரல் உருக்கோளாறு பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

கருவுற்ற 19ஆம் அல்லது 20ஆம் வாரத்தில் எடுக்கப்படும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் குழந்தையின் முகத்தைத் திரையில் காணும் ஆவலோடுதான் செல்கின்றன. அப்பரிசோதனையின் மருத்துவ நோக்கம் வேறு. மூளை, முதுகெலும்பு, இதயம், நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் முறைப்படி உருவாகியுள்ளனவா என ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே அதன் பணி. அவ்வாறு பார்க்கையில், மிகச் சில குழந்தைகளின் மார்பினுள், பெரும்பாலும் ஒருபுற நுரையீரலில் மட்டும், வெண்ணிறத் திட்டொன்றோ நீர் நிறைந்த சிறு பைகளோ தென்படுவதுண்டு. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது ‘பிறவி நுரையீரல் காற்றுப்பாதை உருக்கோளாறு’ எனப்படும் நிலையாகும். மருத்துவ அறிக்கைகளில் இது ‘சீ.பீ.ஏ.எம்.’ என்ற நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும். பழைய அறிக்கைகளிலும் சில நூல்களிலும் ‘சீ.சீ.ஏ.எம்.’ என்றிருக்கக் காணலாம். அது வேறொரு நோயன்று. இதன் முந்தைய பெயரே.

இந்நிலை 1949ஆம் ஆண்டு சின், டாங் என்னும் இரு மருத்துவர்களால் தனியொரு கோளாறாக முதன்முதலில் விவரிக்கப்பட்டது. 1977இல் ஸ்டாக்கர் என்பவர் இதனை மூன்று வகைகளாகப் பிரித்தார். பின்னர் அது ஐந்து வகைகளாக விரிக்கப்பட்டது. பெற்றோர் வகை எண்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. பைகள் பெரியனவா, மிகச் சிறியனவா, குழந்தையின் மார்பில் அவை எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளன என்ற இரண்டுமே தொடக்கத்தில் அறிய வேண்டியவை.

நுரையீரல் கருவில் ஒரு மரம் கிளைப்பதுபோல் வளர்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் பிரிந்து, ஏறத்தாழ 16ஆம் வாரத்திற்குள் கிளைகள் யாவும் அமைந்துவிடுகின்றன. அக்கிளைகளின் நுனியில் காற்று நுண்ணறைகள் பின்னர் உருவாகின்றன. கிளைக்கும் இக்காலத்தில் ஏதோ ஓரிடத்தில் வளர்ச்சி தடம் மாறினால், நுண்ணறைகள் உருவாக வேண்டிய பகுதியில் காற்றுக்குழலின் இயல்பையொத்த பைகள் தோன்றிவிடும். வலப்புற நுரையீரலில் மூன்று மடல்களும் இடப்புறத்தில் இரண்டும் உள்ளன. பெரும்பாலான குழந்தைகளில் இவ்வைந்து மடல்களுள் ஒன்றே பாதிக்கப்படுகிறது. ஏனையவை இயல்பாக வளர்கின்றன.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு

மருத்துவர் கூறும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் காதில் விழும்போது அவற்றின் எடை மாறிவிடுகிறது. அறிக்கையில் ‘லீஷன்’ என்றிருப்பதைக் குடும்பத்தில் எவரேனும் ‘கட்டி’ என்று சொல்லிவிட்டால், அடுத்த நொடியே வீட்டில் எல்லோர் மனத்திலும் எழுவது புற்றுநோய் என்ற எண்ணம்தான். ‘லீஷன்’ என்பது இயல்புக்கு மாறான ஒரு பகுதி என்பதற்கு மேல் எதையும் சொல்லும் சொல்லன்று. அவ்வாறே ‘மால்ஃபோர்மேஷன்’ என்பதற்கு ‘ஊனம்’ எனப் பொருள் கொள்வது பொருத்தமற்றது. உருவாகும்போது நேர்ந்த கோளாறு என்பதே அதன் பொருள். இக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் ஓடியாடி, பள்ளி சென்று, ஏனைய குழந்தைகளைப் போலவே வளர்கின்றனர். நம் மொழியில் ‘ஊனம்’ என்ற சொல் ஒரு குழந்தையின்மீது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் உதிர்வதில்லை என்பதாலும் இதனை இங்கு வலியுறுத்த வேண்டியுள்ளது.

யார்மீதும் குற்றமில்லை

கிரகண வேளையில் வெளியே சென்றது, பப்பாளி உண்டது, பாரம் தூக்கியது, இரவுப் பணி செய்தது என்று தாயின்மீது சுமத்தப்படும் காரணங்களுள் எதுவும் இக்கோளாற்றுக்குக் காரணமன்று. கிளைகள் உருவாகி முடியும் 16ஆம் வாரத்திற்கு முன்னரே, பல வேளைகளில் தாய் கருவுற்றதை உறவினருக்குத் தெரிவிக்கும் முன்னரே, தடமாற்றம் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் இது தனித்த நிகழ்வாகவே ஏற்படுகிறது. அடுத்த குழந்தைக்கும் இதுவே வரும் என அஞ்ச வேண்டியதில்லை. உறவுக்குள் திருமணம் செய்துகொண்ட பெற்றோர் பலர் இக்கேள்வியைத் தயக்கத்தோடு மனத்துக்குள்ளேயே வைத்திருப்பர். உறவுமுறைத் திருமணத்தால் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் இக்கோளாறு அப்பட்டியலில் சேர்ந்ததாக அறியப்படவில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மிக அரிதாக, ‘டைசர்-1’ எனப்படும் மரபணுவில் மாற்றமுள்ள குடும்பங்களில், ஸ்கேனில் இதைப் போன்றே தோன்றும் ஒருவகை நுரையீரற் புற்று சிறு குழந்தைகளுக்கு ஏற்படக்கூடும். ஆகவே, நெருங்கிய உறவினர் எவருக்கேனும் குழந்தைப் பருவத்தில் நுரையீரற் புற்றுநோயோ, இளம் வயதிலேயே தைரொயிட் கழலையோ, சிறுநீரகத்தில் பைகளோ இருந்திருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். திருமணப் பேச்சுகளைக் கருதிக் குடும்ப நோய்களை மறைப்பது நம்மவரிடையே வழக்கம். மருத்துவரிடம் சொல்வது சபையில் சொல்வதாகாது. நோயாளர் தகவலின் இரகசியம் விக்டோரியாவில் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது.

பிரசவம் வரை

கண்டறியப்பட்டபின், தாய் பெரும்பாலும் கருநிலைச் சிறப்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். அங்கே பாதிக்கப்பட்ட பகுதியின் கன அளவைக் கணக்கிட்டு, அதனைக் குழந்தையின் தலைச் சுற்றளவால் வகுத்து ஓர் எண்ணைப் பெறுவர். அது 1.6ஐத் தாண்டினால் குழந்தையின் இதயத்தின்மீது அழுத்தம் கூடி உடலில் நீர் கோக்கும் ஆபத்து மிகுதி என்பதால் ஸ்கேன்கள் அடிக்கடி எடுக்கப்படும். பைகள் மிகச் சிறியனவாய், எண்ணும் உயர்ந்திருந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தப்படலாம். பெரிய பை ஒன்று மட்டும் அழுத்துமாயின், குழந்தை கருவில் இருக்கும்போதே அதிலுள்ள நீரை வடிக்கும் வழியும் உண்டு. இந்நிலையை எட்டுவோர் சிலரே. பாதிக்கப்பட்ட பகுதி பெரும்பாலும் 25 முதல் 28 வாரங்கள் வரை வளர்ந்து, அதன்பின் வளர்ச்சி நின்றுவிடும். குழந்தையோ தொடர்ந்து வளர்கிறது. எனவே முன்பு மார்பை அடைத்ததுபோல் காணப்பட்ட பகுதி, வாரங்கள் செல்லச் செல்ல ஒப்பளவில் சிறிதாகிவிடுகிறது.

பெரும்பாலான பிரசவங்கள் இயல்பான முறையிலேயே நடைபெறலாம். இக்கோளாறு மட்டுமே அறுவைப் பிரசவத்துக்குக் காரணமாவதில்லை. ஆயினும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் பிரசவிக்குமாறு அறிவுறுத்தப்பட்டால், வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனையே வசதி என்று அதனைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும்

இக்கட்டுரையின் தேவை இவ்விடத்தில்தான் எழுகிறது. கருவுற்ற இறுதி மாதங்களில் எடுக்கப்படும் ஸ்கேனில், முன்பு வெண்மையாய்த் தெரிந்த திட்டு அருகிலுள்ள இயல்பான நுரையீரலோடு நிறத்தில் ஒன்றிவிடுவது வழக்கம். ஸ்கேன் எடுப்பவர் “இப்போது எதையும் காண முடியவில்லை” என்கிறார். வீட்டுக்கு வரும்போது அச்செய்தி “குணமாகிவிட்டது” என்றாகிவிடுகிறது. கோயிலில் அர்ச்சனையும் தேவாலயத்தில் நன்றிப் பூசையும் நடைபெறுகின்றன. நன்றி செலுத்துவதில் தவறில்லை. ஆனால் இவ்வாறு ‘மறைந்த’ குழந்தைகள் பலருக்குப் பிறந்தபின் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, அப்பகுதி அங்கேயே இருப்பது தெரிய வருகிறது.

பிறந்தபின்னும் இதே குழப்பம் இரண்டாம் முறை நேரலாம். இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் மூச்சுத்திணறல் ஏதுமின்றிப் பிறக்கின்றனர், பால் குடிக்கின்றனர், எடை கூடுகின்றனர். முதல் நாட்களில் எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரேயும் இயல்பாக இருக்கக்கூடும். எக்ஸ்ரே என்பது நிழற்படம்; சிறிய, மெல்லிய பைகள் அதில் பதியாமற் போகலாம். ஆகையால் எக்ஸ்ரே தெளிவாயிருந்தது என்ற காரணத்தால் அடுத்த சந்திப்பைக் கைவிடலாகாது. முதற் சில மாதங்களுக்குள், மருத்துவக் குழு குறிக்கும் நாளில், சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். குருதிக்குழாய்களைக் காட்டும் மருந்தும் ஊசி மூலம் செலுத்தப்படும். இதற்கொரு காரணம் உண்டு. இதனையொத்த வேறொரு கோளாற்றில், நுரையீரலின் ஒரு பகுதி மூச்சுக்குழலோடு இணைப்பின்றித் தனித்து நின்று, உடலின் பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் குருதியைப் பெறும். சில குழந்தைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், அத்தமனி எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது இன்றியமையாதது.

சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு இருப்பதால் குழந்தைக்கு வேண்டாம் எனச் சில பெற்றோர் மறுப்பதுண்டு. இக்கவலை நியாயமானதே, குழந்தைகளுக்கு அளவு குறைத்தே எடுக்கின்றனர் என்பதும் உண்மை. மறுப்பதற்கு முன், எடுக்காவிட்டால் எது தெரியாமற் போகும் என்று மருத்துவரைக் கேட்பது நலம்.

அறுவை சிகிச்சையா, காத்திருப்பா?

மூச்சுத்திணறலோ மீண்டும் மீண்டும் நெஞ்சுச் சளித் தொற்றோ உள்ள குழந்தைக்குப் பாதிக்கப்பட்ட மடலை அகற்ற வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடில்லை. எவ்வித அறிகுறியுமற்ற குழந்தையைப் பற்றியே கருத்துகள் பிரிகின்றன. ஒரு சாரார், முதலாண்டுக்குள்ளேயே அகற்றிவிடுவது நல்லது என்பர். அப்பகுதியில் பின்னாளில் தொற்று ஏற்படலாம். தொற்று ஏற்பட்டபின் செய்யும் அறுவை கடினமாகும். மிக அரிதாகப் புற்று உருவாகும் வாய்ப்பும் நீங்கும். மறுசாரார், பலருக்கு வாழ்நாள் முழுவதும் எத்தொல்லையும் வராமலிருக்கலாம் என்பதால், மயக்க மருந்தும் அறுவையும் தரும் ஆபத்தைத் தேவையின்றி ஏற்க வேண்டாம். உரிய இடைவெளிகளில் பரிசோதித்து வரலாம் என்பர். இரண்டு பாதைகளிலும் பொறுப்புள்ள நிபுணர்கள் இருக்கின்றனர். ஒரு மருத்துவமனை ஒன்றையும் வேறொன்று மற்றதையும் பரிந்துரைத்தால் யாரோ ஒருவர் அறியாமையால் பேசுகிறார் என எண்ண வேண்டாம்.

ஒரு மடலை எடுத்துவிட்டால் குழந்தை எஞ்சியதைக் கொண்டு எவ்வாறு வாழும் என்ற கேள்வியைத் தாத்தா பாட்டியர் கட்டாயம் எழுப்புவர். பிறக்கும்போது நுரையீரல் முழுமை பெற்றிருப்பதில்லை. நுண்ணறைகளின் எண்ணிக்கை முதற் சில ஆண்டுகளில் வேகமாகப் பெருகி, வளர்ந்தவரிடம் பல கோடிகளை எட்டுகிறது. சிறு வயதில் அகற்றப்பட்ட இடத்தை எஞ்சிய மடல்கள் விரிந்தும் வளர்ந்தும் நிரப்புகின்றன. இன்று பல அறுவைகள் விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டுக் கமெரா மூலம் செய்யப்படுகின்றன. குருதிப் போக்கு, காற்றுக் கசிவு, தொற்று, துளை வழி தொடங்கியதைத் திறந்த அறுவையாக மாற்ற நேர்தல் ஆகியவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்துகள்.

காத்திருக்கும் பாதையைத் தேர்ந்தவர்கள், அது ‘எதுவும் செய்யாமலிருப்பது’ அன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வீடு மாறினாலும், மாநிலம் மாறினாலும், குழந்தையின் பதிவு புதிய மருத்துவரைச் சென்றடைய வேண்டும். ஆண்டுகள் கடந்தபின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமோனியா வருமாயின், இப்பழைய செய்தியே மருத்துவருக்குச் சரியான திசையைக் காட்டும்.

சம்மதமும் மொழியும்

சட்டம் பயின்ற கண்ணுக்கு இவ்விடயத்தில் மற்றொரு பக்கமும் தெரிகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் ‘ரோஜர்ஸ் எதிர் விற்றேக்கர்’ வழக்கில் அளித்த தீர்ப்பு, இந்நாட்டில் மருத்துவச் சம்மதத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஒரு கண்ணில் பார்வையிழந்திருந்த பெண்ணொருவர், அக்கண்ணில் அறுவை செய்வதற்கு முன், பார்வையுள்ள மற்றக் கண்ணுக்கு ஏதேனும் நேருமா என்ற கவலையை மருத்துவரிடம் திரும்பத் திரும்ப வெளியிட்டார். ஏறத்தாழ 14,000இல் ஒன்றாக நேரக்கூடிய ஆபத்தொன்று அவருக்குச் சொல்லப்படவில்லை. அதுவே நேர்ந்து, நல்ல கண்ணின் பார்வையும் போயிற்று. ஆபத்து அரிது என்பது அதனைச் சொல்லாமல் விடுவதற்குப் போதிய காரணமாகாது. அந்நோயாளர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்து அவருக்குச் சொல்லப்பட வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் குடும்பங்களுக்கு இதன் பயன் எளியது. கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. தங்களுக்கு எது கவலை தருகிறது என்று கூறினால்தான் எது முக்கியம் என்பதை மருத்துவர் அறிவார். “டொக்டர் சொன்னால் சரி” என்று தலையசைத்துக் கையொப்பமிடுவது பணிவாகத் தோன்றலாம். அது அறிந்து கொடுத்த சம்மதமாகாது. மேலும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தொடர்பில் தாய், தந்தை இருவருக்கும் பொறுப்பு உண்டு. தாயின் கையொப்பம் தந்தையினதற்குச் சற்றும் குறைந்ததன்று. அவருக்கும் நேரடியாக, அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும்.

அரச மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளர் கட்டணமின்றி ஏற்பாடு செய்யப்படுவார். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே கேட்பது நன்று. ஆணா பெண்ணா என்ற விருப்பத்தையும், இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் தெரிவிக்கலாம். ஆங்கிலம் சரளமாய்ப் பேசும் மூத்த மகளையோ மைத்துனரையோ அப்பொறுப்பில் அமர்த்த வேண்டாம். உறவினர் அன்பினாலேயே கசப்பான சொல்லை விழுங்கிவிடுவர். ‘தெரியவில்லை’ என்பது ‘இல்லை’ என்றாவது பெரும்பாலும் அவ்வாறுதான்.

மெடிகெயார் அட்டை இல்லாத புகலிடக் கோரிக்கையாளர்களுக்கும் விக்டோரியா அரச மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. கட்டணச் சீட்டு வந்துவிட்டால் அஞ்சிச் சந்திப்பைத் தவிர்க்காமல், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் நிலையை விளக்குக.

வீட்டில்

குழந்தை பிறந்த செய்தியை மருத்துவமனை 48 மணி நேரத்துக்குள் மாநகர சபைக்கு அறிவிக்கும். அதன்பின் எமது தாய்சேய் நலச் செவிலியர் தங்களோடு தொடர்புகொண்டு முதல் சந்திப்புக்கு வீட்டுக்கே வருவார். ஸ்கேன் அறிக்கையும் அவரிடம் வந்திருக்கும் என எண்ண வேண்டாம். மருத்துவமனைக் கடிதத்தைப் பச்சை நிறக் குழந்தை நலப் புத்தகத்தில் வைத்து, முதற் சந்திப்பிலேயே காட்டுக. பள்ளி செல்லும் வயது வரையிலான பத்துச் சந்திப்புகளும் இலவசம்.

புகை இக்குழந்தைகளுக்கு ஆகாது. 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் வாகனத்தில் புகைபிடிப்பது விக்டோரியாவில் 2010 முதல் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் சட்டம் வருவதில்லை, அங்கே பெற்றோரின் கண்டிப்பே சட்டம். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் இக்குழந்தைகளுக்குத் தவிர்க்க வேண்டும். தலையைத் துண்டால் உலர்த்தினாலே போதும். தடுப்பூசிகள் உரிய நாளில் போடப்பட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது நிறையும்வரை இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும் இலவசமாகக் கிடைக்கும்.

முடியிறக்கவும் காது குத்தவும் கைக்குழந்தையோடு ஊருக்குச் செல்ல எண்ணுவோர், பயணச் சீட்டு வாங்குவதற்கு முன் சிறப்பு மருத்துவரைக் கேட்க வேண்டும். விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அளவுக்குக் குறையக்கூடும்; அது ஊட்டியைக் காட்டிலும் சற்று மேலான உயரம். அந்நிலையில் அடைபட்ட பையிலுள்ள காற்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விரிவடையும். சிறு பைகளுக்கு இது பொருட்டாகாமல் இருக்கலாம். பெரிய பைக்கு அப்படிச் சொல்ல முடியாது. நேர்த்தி பிந்தினால் தெய்வம் பொறுத்துக்கொள்ளும்.

குழந்தை வேகமாக மூச்செடுத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே தசை உள்ளிழுக்கப்பட்டால், பால் குடிக்கையில் அடிக்கடி நிறுத்தித் திணறினால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலும் அவ்வாறே. உதடும் நாவும் நீலம் பாரித்தாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ, உடனே 000ஐ அழைத்து “அம்புலன்ஸ்” என்றும், பின்னர் “தமிழ்” என்றும் கூறுக.

அவசரமற்ற கேள்விகளுக்குத் தாய்சேய் நல அழைப்பு இலக்கம் 13 22 29 இரவும் பகலும் இயங்குகிறது. எந்த வயதினருக்குமான செவிலியர் ஆலோசனைக்கு 1300 60 60 24. ஆங்கிலத்தில் பேச இயலாதவர்கள் முதலில் 131 450ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளரைக் கேட்டு, இவ்விலக்கங்களில் ஒன்றோடு இணைக்குமாறு கோரலாம். அழைக்கும்போது மருத்துவமனைக் கடிதத்தையும் பச்சைப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொள்க, ‘சீ.பீ.ஏ.எம்.’ என்ற நான்கு எழுத்துகளை அவ்விடத்திலேயே எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்ட நேரிடும்.